இதில் இல்லை

ஒருவர் கேள்வி கேட்டு முடிப்பதற்கும் இன்னொருவர் பதில் சொல்லத் தொடங்குவதற்கும் நடுவே இருக்கும் இடைவெளி கண் சிமிட்டும் நேரம்தான். அதைத் தாண்டினால் கேட்டவர் முகம் சுருங்கும். இன்னும் தாண்டினால் கைப்பேசியை எடுப்பார். அதற்கும் மேல் போனால் "சரி, யோசிச்சு வைங்க" என்று எழுந்து போய்விடுவார். அந்தக் கண் சிமிட்டும் நேரத்துக்குள் ஒரு பட்டியலைக் கொண்டுவந்து நிறுத்துவது என் உத்தியோகம். அது எனக்குக் கொடுத்தது தீராத கழுத்துவலியும், யார் எது கேட்டாலும் பதில் சொல்ல ஒரு அலுப்பும்.

பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களுக்கு எங்கள் கம்பெனி நெற்றிப்பட்டை செய்கிறது. சொல்ல நினைப்பது அவர்கள் மனதில் முழுசாக இருக்கும், வார்த்தை மட்டும் வராது. அந்த நினைப்பு எந்தப் பக்கம் போகிறது என்று பட்டை குத்துமதிப்பாகப் பிடித்து, மூக்குக்கண்ணாடியில் ஐந்து வரிகளைக் காட்டும். அவர் எந்த வரியை உற்றுப் பார்க்கிறாரோ அதை அவருடைய பழைய குரலிலேயே பேசும். பின்னால் கிடங்கில் இருப்பது ஊர் உலகத்துத் தமிழர்கள் பேசிய கோடிக்கணக்கான வாக்கியங்கள். முன்னால் வருவது ஐந்து. எந்த ஐந்து என்று முடிவு செய்வது நானும், என் மேலாளர் ஜெபராஜும்.

சட்டமும் இதை ஏற்றுக்கொண்டுவிட்டது. பட்டை பேசினால் அவரே பேசியதுதான். அதை வைத்து நிலம் விற்கலாம், ஆபரேஷனுக்குச் சம்மதம் சொல்லலாம், பிள்ளையைத் திட்டலாம். கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் எங்கள் பட்டியலில் வசதி குறைவு. கெட்ட வார்த்தைகளை நாங்கள் வைக்கவில்லை.

"மோகனா, ஒண்டிப்புதூர்ல ஒரு கேஸ்" என்றார் ஜெபராஜ். கேண்டீன் காபியை மேசைமேல் வைத்துவிட்டு அதைக் குடிக்க மனசில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "சென்னியப்பன்னு ஒருத்தர். பட்டையைக் கழற்றி எறியறாராம். கண்ணாடி மறுபடியும் உடைஞ்சிருச்சு."

"ஸ்லோவா இருக்கா?"

"அரை நொடிகூட ஆகல. நானே பாத்தேன். நம்ம கிட்ட இருக்கறதுலயே வேகமான பட்டியல் அவருக்குத்தான் ஓடுது."

"அப்புறம் ஏன் எறியறாரு?"

"அதைத்தான் பாத்துட்டு வரச் சொல்றேன். அடுத்த வாரம் அவருக்குக் கிட்னி ஆபரேஷன். அதுக்குள்ள சரி பண்ணிருங்க. இல்லைன்னா ஆஸ்பத்திரிக்காரங்க நம்ம மேல ஏறுவாங்க."

பஸ்ஸில் உட்கார்ந்ததும் என் கணவரிடமிருந்து செய்தி வந்தது. 'லேட்டாகுமா?' கைப்பேசியே மூன்று பதில்களை எடுத்துக் கொடுத்தது. முதலாவதைத் தொட்டேன். அவரும் முதலாவதைத் தொட்டிருப்பார், உடனே 'சரி' என்று வந்தது. எங்கள் குடித்தனம் சில மாதங்களாக இப்படித்தான் ஓடுகிறது. சண்டை இல்லை, நிம்மதிதான்.

சாந்தாமணியம்மா வாசல் கேட்டுக்கே வந்துவிட்டார். அறுபதைத் தாண்டிய வயசு. கையில் உடைந்த கண்ணாடியின் ஒரு கால்.

"வாங்க அம்மணி, வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க. மோர் குடிக்கறீங்களா? கண்ணாடிக்கு மட்டும் எதையாச்சும் பண்ணிக் குடுங்க. மத்தபடி ஒரு குறையும் இல்லீங்க. சொல்லப்போனா என்ற வீட்டுக்காரர் முன்னவிட இப்பத்தான் பதவிசா பேசறாரு."

சென்னியப்பன் முன்னறையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். பெரிய உருவம், உள்ளே காற்று இறங்கிவிட்ட உடம்பு. வலது கை மடியில் கிடந்தது. இடது கை நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தது. முப்பது வருடம் லாரி ஓட்டியவர். லாரிகள் தாங்களே ஓட ஆரம்பித்த பிறகும், "அதுக்கு ரோடு தெரியும், மனுசன் தெரியுமா" என்று கடைசிவரை தன் வண்டியைத் தானே ஓட்டினாராம். பிறகு வாதம் வந்து பேச்சைக் கொண்டுபோனது. அதன் பின்னாலேயே சிறுநீரகம் கெட்டது. வாரத்தில் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு மையத்தின் வண்டி வந்து அழைத்துப் போகிறது. அங்கே வீட்டு ஆட்களை விடமாட்டார்கள். சாந்தாமணியம்மா கேட்டோடு நின்றுவிடுவார்.

புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டு என் பலகைக் கணினியைத் திறந்தேன். அவர் கண்ணுக்குத் தெரியும் ஐந்து வரிகள் எனக்கும் தெரியும். அவர் நினைப்பு கிடங்கின் எந்த மூலைக்குப் போகிறது என்பதும் ஒரு புள்ளியாகத் தெரியும்.

"ஐயா, எதாவது சொல்லுங்க."

புள்ளி ஓடியது. ஐந்து வரிகள் வந்தன. முதல் வரியில் அவர் கண் நின்றது.

"போயிட்டு வரேன்" என்றது அவர் குரல். நல்ல கனமான குரல்.

சொல்லி முடிந்ததும் இடது கையால் நாற்காலிப் பிடியில் ஓங்கி அடித்தார்.

"எங்கீங்க போறீங்க?" என்றேன்.

"போயிட்டு வரேன்." மறுபடியும் அடி.

"இப்படித்தானுங்க" என்றார் சாந்தாமணியம்மா. "எப்பப் பாத்தாலும் எங்கயோ கெளம்பற மாதிரியே. நடுமத்தியானத்துல உக்காந்துக்கிட்டுப் போயிட்டு வரேம்பாரு. லாரிக்காரரில்லீங்களா, உக்காந்தே இருக்கறது புடிக்கல போல."

அந்த நேரத்தில்தான் பெனாசிர் வந்தாள். ஆஸ்பத்திரியில் உறுப்பு மாற்றச் சம்மதங்களைப் பதிவு செய்பவள். என்னைவிடச் சின்னவள், ஆனால் கண்ணுக்குக் கீழே என்னுடையதைவிடக் கறுப்பு. இன்னும் ஏழு வீடு போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள்.

"தேதி உறுதி பண்ண வந்தேம்மா. ஐயா, உங்க வீட்டம்மாவோட ஒரு கிட்னியை எடுத்து உங்களுக்கு வெக்கப் போறாங்க. உங்களுக்குச் சம்மதந்தானே?"

என் பலகையில் புள்ளி தெறித்து ஓடியதைப் பார்த்தேன். அவ்வளவு வேகமாக அது போய் நான் பார்த்ததில்லை. போய் அதே மூலையில் நின்றது.

"போயிட்டு வரேன்."

பெனாசிர் சிரித்தாள். "போன தடவையும் இதேதான் சொன்னாரு. ஆபரேஷனுக்குப் போயிட்டு வரேங்கறாரு. எவ்வளவு தைரியம் பாருங்க. பதிவு பண்ணியாச்சு, இப்ப மறுபடியும் பண்ணிக்கறேன்."

அவள் தெருவில் இறங்குவதற்குள் பட்டை என் காலடியில் வந்து விழுந்தது. கண்ணாடி இந்தத் தடவை உடையவில்லை. சென்னியப்பன் மூச்சு வாங்கினார். கண்ணில் தண்ணீர் நின்றது. அது கோபத்தில் வந்த தண்ணீர் என்று எனக்குப் பட்டது. சாந்தாமணியம்மா முந்தானையால் அதைத் துடைக்கப் போனார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சம்மதம் சொல்லிட்டு எதுக்கு இந்தக் கோவம்னு தெரியலீங்களே" என்றார் அம்மா. பிறகு என்னைச் சமையலறைக்கு அழைத்துப்போய் மோர் கலக்கிக்கொண்டே பேசினார். "ஒண்ணு சொன்னா சிரிப்பீங்க. கல்யாணம் ஆன நாள்ல இருந்து இந்த மனுசன் வாயில 'போயிட்டு வரேன்'னு வந்ததே இல்லீங்க. லோடு ஏத்திட்டு நாள்கணக்கா போவாரு. கெளம்பறப்போ என்ன சொல்லுவாரு தெரியுங்களா? 'போறேன். நீ இரு.' அவ்வளவுதான். போறேன்னு சொல்லலாமுங்களா? 'போயிட்டு வரேன்னு சொல்லுங்க'ன்னு நானும் வாசக் கேட்டு வரைக்கும் பின்னாலயே ஓடுவேன். திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு. வண்டி வீட்டுக்கு வந்து சேர்ற வரைக்கும் எனக்கு வயித்துல நெருப்புத்தான்."

"சரிங்க."

"இந்தப் பட்டையை மாட்டுன மொத நாளே மையத்து வண்டி வந்துச்சு. ஏறறப்போ என்னைப் பாத்து 'போயிட்டு வரேன்'னாரு பாருங்க. நான் அங்கயே உக்காந்து அழுதுட்டேன் அம்மணி. வாயில்லாம போயித்தான் அந்த நல்ல வார்த்தை வரோணும்னு இருந்திருக்குது."

மோர் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். கேட்டருகே நின்று ஜெபராஜைக் கூப்பிட்டேன்.

"ஜெபராஜ், விடைபெறுற வாக்கியம் எல்லாம் ஒரே மூட்டையில இருக்கா?"

"ஆமா. போறேன், கிளம்பறேன், வரட்டுமா, வரேன், போயிட்டு வரேன் எல்லாம் ஒரே அர்த்தம்தானே. தனித்தனியா தேடினா நேரம் ஆகுது. ஒண்ணாக் கட்டி மேல ஒரு முகம் வெச்சாச்சு. அதிகமா எடுக்கறது எதுவோ அதுதான் முகம்."

"மூட்டையைப் பிரிச்சு உள்ள இருக்கறதை எடுக்க முடியாதா?"

"முன்னாடி முடிஞ்சுது. 'இதில் இல்லை'ன்னு ஆறாவது வரி இருந்துச்சே, ஞாபகம் இல்லையா? யாரும் அதை எடுக்கல, தூக்கிட்டோம். அதுவும் இல்லாம 'போறேன்' வெளிய வராம சோதனை சமயத்துலேயே தடுத்தாச்சு. வீட்டுக்காரங்க அத்தனை பேரும் சண்டைக்கு வந்தாங்க. உடம்பு சரியில்லாதவங்க வாயில அந்த வார்த்தை வரலாமான்னு. நியாயந்தானே? எங்க அம்மாவா இருந்தா நானும் வேண்டாம்னுதான் சொல்லுவேன்."

"வீட்டுக்காரங்களைக் கேட்டோம். பட்டை போட்டவங்களைக் கேட்டோமா?"

"அவங்ககிட்ட எப்படிக் கேக்கறது மோகனா? அவங்க பதில் சொல்லவே இந்தப் பட்டியல்தானே வேணும்."

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும்.

"இவருக்கு மட்டும் எல்லா மூட்டையையும் பிரிச்சு, தடுத்து வெச்சதையும் விடறேன். ஆறாவது வரியையும் போடறேன்" என்றேன்.

"ஆமை மாதிரி ஓடும்."

"ஓடட்டும்."

"சோதனைன்னு போட்டுக்கறேன். மேல யாராவது கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்."

உள்ளே போய்ச் சாந்தாமணியம்மாவிடம் சொன்னேன். "துணிக்கடைல சேலை எடுக்கப் போறீங்கன்னு வெச்சுக்கங்க. உங்க முகத்தைப் பாத்தே கடைக்காரர் அஞ்சு சேலை எடுத்துப் போடறாரு. மத்ததெல்லாம் குடோன்ல. ஐயாவுக்கு இத்தனை நாளா அந்த அஞ்சுதான் தெரிஞ்சுது. இப்ப குடோனைத் திறந்து விடறேன். பதில் வரக் கொஞ்சம் நேரம் ஆகும்."

"வேகமா இருந்ததே நல்லாத்தானே இருந்துச்சு?"

"கொஞ்சம் பாக்கலாமுங்க."

பட்டையை மறுபடி மாட்டிவிட்டேன். ஐந்து வரிகளுக்குக் கீழே புதிதாக ஒன்று வந்திருந்தது. அவர் அதை வாசித்தார். மறுபடி வாசித்தார். கண்ணை அதன் மேல் வைத்தார். அடுத்த ஐந்து வந்தன. மறுபடியும் 'இதில் இல்லை'. மறுபடியும். ஒரு ஆள் பஸ் ஸ்டாண்டில் தொலைத்ததைத் தேடுவதுபோலத் தேடினார். சுவர்க்கடிகாரம் கேட்டது, பக்கத்து வீட்டு மிக்சி கேட்டது. சாந்தாமணியம்மா எழுந்து போகப் பார்த்தார். கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

கடைசியில் முதல் வார்த்தை வந்தது. என்னைப் பார்த்து, எங்கள் கம்பெனியைச் சேர்த்து, லாரிப்பேட்டையில் மட்டும் கேட்கக்கூடிய ஒரு வார்த்தை. நான் அதை இங்கே எழுதப்போவதில்லை.

"ஐயய்யோ, ஏனுங்க இது! வீட்டுக்கு வந்த புள்ளையப் போயி" என்று சாந்தாமணியம்மா பதறினார். ஆனால் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அம்மணி, இது அவரேதானுங்க! தப்பா எடுத்துக்காதீங்க. இது அவரேதான்!"

நானும் சிரித்துவிட்டேன். நான் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

சென்னியப்பன் சிரிக்கவில்லை. அவர் கண் மறுபடி இறங்கித் தேடிக்கொண்டிருந்தது. என் பலகையில் புள்ளி பழைய மூலையிலேயே நின்றது. அங்கே இப்போது மூட்டை பிரிந்து கிடந்தது. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"போறேன்" என்றது குரல்.

சாந்தாமணியம்மாவின் வாய் பழக்கத்தில் திறந்துகொண்டது. "போயிட்டு வரேன்னு சொல்…" பாதியில் நின்றுவிட்டார்.

வெகு நேரம் கழித்து அடுத்தது வந்தது. "நீ இரு."

நடந்தது என்னவென்று அந்த அம்மாவுக்கு நான் விளக்கவேண்டியிருக்கவில்லை. பெனாசிர் கேட்ட கேள்விக்கு இத்தனை நாளாக அவர் என்ன பதில் சொல்லிவந்தார் என்று சாந்தாமணியம்மாவுக்கே புரிந்துவிட்டது. மெதுவாக எழுந்து என் முன்னால் வந்து நின்றார்.

"மாத்திருங்க அம்மணி."

"அம்மா…"

"பழையபடியே வெச்சிருங்க. நல்லா இருந்ததை வந்து கெடுத்துட்டீங்க. என்ற கிட்னி, நான் குடுக்கறேன். இதுல இவரு என்ன சொல்றது? இத்தனை நாளாப் போயிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. சொன்ன மாதிரியே வந்தாரு. ஒரு நாளும் வராம இருந்ததில்ல. அந்த வார்த்தையப் புடுங்கிட்டீங்களே, நாளைக்கு வண்டியில போன மனுசன் வராம போயிட்டா யாரு பொறுப்பு? நீங்களா?"

என் பட்டியலில் அதற்கு ஐந்து வரி இல்லை, ஒரு வரிகூட இல்லை. பலகையில் ஒரு இடத்தைத் தொட்டால் போதும், எல்லாம் மூட்டைக்குள் போய்விடும். அடுத்த வாரம் ஆபரேஷன் நடக்கும். இவர் இன்னும் பல வருடம் இருப்பார். அந்த அம்மா சந்தோஷமாக இருப்பார். எனக்கும் ஆறு மணி பஸ் கிடைக்கும். தொட்டுவிடலாம் என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தேன்.

"அவர்கிட்டயே கேக்கறேனுங்க" என்றேன். "ஐயா, பழையபடி வேகமா வெச்சிரட்டுமா? இப்படியே மெதுவா இருக்கட்டுமா?"

அவருக்கு வேண்டிய வாக்கியம் அப்படியே எந்தக் கிடங்கிலும் இல்லை. தனித்தனி வார்த்தையாகப் பொறுக்கினார். ஒவ்வொன்றும் வர அவ்வளவு நேரம்.

"அவளுக்கு."

சாந்தாமணியம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டும்."

மிக்சி நின்றுபோயிருந்தது.

"இருக்கட்டும்."

மறுநாள் காலையில் பெனாசிரை வரவழைத்தேன். அதே கேள்வியைக் கேட்டாள். அவர் தேடி எடுத்து "வேண்டாம்" என்றார். பெனாசிர் என்னை வெளியே கூப்பிட்டாள்.

"ரெண்டு தடவை சம்மதம்னு சொன்னாரே?"

"சம்மதம்னு சொல்லல. போயிட்டு வரேன்னு சொன்னாரு."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"ஒண்ணும் இல்ல. அவருக்குக் காட்டுன அஞ்சு வரியில அவர் நினைச்சதுக்குப் பக்கமா அதுதான் இருந்துச்சு."

பெனாசிர் தன் பலகையை மூடினாள். சுவரில் சாய்ந்துகொண்டாள். "அக்கா, இந்தப் பட்டை போட்டவங்ககிட்ட நான் எத்தனை சம்மதம் வாங்கியிருப்பேன்னு தெரியுமா? எத்தனை பேர் 'சரிங்க'ன்னு சொல்லியிருக்காங்க? அந்த 'சரிங்க' எந்த மூட்டை?"

எனக்கும் தெரியவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்த்தேன். நான் சொன்னதும் அவள் இரண்டு நாள் லீவு போட்டாள்.

அதன்பிறகு ஜெபராஜ், பாவம், நல்ல மனுஷன், ஆறாவது வரியை இன்னும் கொஞ்சம் பேருக்குத் திறந்துவிட்டார். பட்டை போட்டவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. வீட்டுக்காரர்கள் வரிசையில் நின்று குறை சொன்னார்கள். பதில் வர நேரமாகிறது, பக்கத்தில் உட்கார முடியவில்லை என்று. ஒரு பெரியம்மா சம்பந்தி முன்னாலேயே மருமகளைப் பற்றி என்னவோ சொல்லி, கைகலப்புவரை போய்விட்டதாம். இப்படியே இரண்டு மாதம் போனது.

"மேல இருந்து வந்தாச்சு" என்றார் ஜெபராஜ். "சராசரி வேகம் கெட்டுப் போச்சு. ஆறாவது வரியை எல்லார்கிட்ட இருந்தும் எடுக்கச் சொல்றாங்க. ஒண்டிப்புதூரையும் பழையபடி ஆக்கிட்டு வந்துருங்க மோகனா. அவருக்கு நேர்ல போய்த்தான் மாத்தணும்."

"எடுக்கலைன்னா?"

"எனக்குப் பதிலா வேற ஆள் உங்ககிட்ட சொல்லுவாரு."

முன்கூட்டியே போன் பண்ணி, மாற்றுவதற்குத்தான் வருகிறேன் என்று சாந்தாமணியம்மாவிடம் சொன்னேன். "வாங்க" என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மையத்து வண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தது. அதற்கு ஓட்டுநர் கிடையாது. உள்ளே ஒரு உதவியாளர் மட்டும் இருந்தார். சென்னியப்பனைச் சக்கர நாற்காலியோடு ஏற்றியிருந்தார்கள். இந்த இரண்டு மாதத்தில் அவர் இன்னும் வற்றியிருந்தார். கதவு திறந்திருக்க, மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி வர்ற நாளெல்லாம் இதே கூத்துத்தான்" என்றார் சாந்தாமணியம்மா, என்னைத் திரும்பிப் பார்க்காமல். "போறேம்பாரு. போயிட்டு வரேன்னு சொல்லுங்கம்பேன். கதவு சாத்திக்கும். அந்தக் காலத்துல நடந்தது அப்படியே நடக்குது." குரலில் குறையும் இருந்தது, ஒரு பழைய சொந்தமும் இருந்தது. "இன்னிக்கு என்னமோ வாயே தொறக்கல."

வண்டி பீப் என்றது. நிற்கும் நேரம் முடிந்துவிட்டால் அது அப்படிக் கத்தும். சென்னியப்பன் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டேயிருந்தார். மறுபடி பீப். கதவு மூடப்போனது. சாந்தாமணியம்மா படியில் காலை வைத்து அதைத் தடுத்தார். "இரு, இரு, உனக்கு என்ன அவசரம்" என்று வண்டியைத் திட்டினார். அது விடாமல் கத்தியது. உதவியாளர் மணியைப் பார்த்தார். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து என்ன சத்தம் என்று பார்த்தார்.

"போயிட்டு வரேன்."

சாந்தாமணியம்மா காலை எடுத்துவிட்டார். கதவு சாத்திக்கொண்டது. வண்டி நகர்ந்தது. அவர் என் பக்கம் திரும்பினார். முகம் செத்துப்போயிருந்தது.

"மாத்திட்டீங்களா அதுக்குள்ள? வர்றப்பவே பண்ணிட்டீங்களா?" என்றார். "இருக்கட்டும் அம்மணி. நாந்தானே கேட்டேன். ஆனா அது மெசினு பேசுதுன்னு இப்பத் தெரிஞ்சு போச்சுங்களே. இனி அவரு அதைச் சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன."

"நான் இன்னும் பையையே திறக்கலீங்க."

"எனக்காகச் சொல்றீங்க."

"சத்தியமாங்க. பலகை உள்ள அணைஞ்சு கெடக்குது, பாருங்க."

அவர் பார்க்கவில்லை. பார்த்தாலும் நம்பும் முகம் இல்லை அது. எனக்கு அழுகை வந்தது, அலுப்பும் வந்தது.

"அம்மா, வண்டி எத்தனை தடவை கத்துச்சு?"

"யாரு எண்ணுனாங்க. அதுபாட்டுக்குக் கத்திக்கிட்டே கெடந்துச்சு."

"ரெண்டு மாசமா அவரு எடுக்கறதெல்லாம் 'போறேன்'தான். இப்ப பட்டியல் அவரைப் பாத்துத்தான் கத்துக்குது, அதனால 'போறேன்'தான் முதல் வரியில வந்து நிக்கும். பாத்தா உடனே சொல்லிரும். 'போயிட்டு வரேன்' எங்கயோ அடியில போயிருச்சுங்க. அதை எடுக்கணும்னா இதில் இல்லை, இதில் இல்லைன்னு ஒவ்வொண்ணாத் தள்ளிக்கிட்டே போகணும். பழைய பட்டியலா இருந்தா வண்டி ஒரு தடவைகூடக் கத்தியிருக்காது."

சாந்தாமணியம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டார். "அப்ப அவ்வளவு நேரமும்…"

"அதைத்தானுங்க தேடிட்டு இருந்தாரு."

தெரு காலியாக இருந்தது. எதிர்வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது. வண்டி திரும்பிப் போன முனையையே பார்த்துக்கொண்டு அந்த அம்மா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, யாரும் இல்லாத அந்தத் தெருவைப் பார்த்துச் சொன்னார்.

"சரிங்க. போயிட்டு வாங்க."